'டாக்டர் ஹூ' 1966: டாக்டரின் முகம் மாறிய ஆண்டு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை. இது எதைப் பற்றியது?

'டாக்டர்' என்று மட்டும் அழைக்கப்படும் ஒருவர் காலத்திலும் விண்வெளியிலும் ஊர் சுற்றுகிறார். அவருடைய வாகனத்தின் பெயர் டார்டிஸ். வெளியிலிருந்து பார்த்தால் லண்டன் தெருமுனைகளில் நின்ற நீலநிறப் போலீஸ் பெட்டி. உள்ளே போனால் பெரிய கூடம். கூட வரும் தோழர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். 1963 நவம்பர் 23 அன்று பிபிசி இதைச் சனிக்கிழமை மாலைத் தொடராக ஒளிபரப்பத் தொடங்கியது. முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட். முதல் கதையை இயக்கிய வாரிஸ் உசேன் லக்னோவில் பிறந்தவர். டாக்டராக நடித்தவர் வில்லியம் ஹார்ட்னெல். அப்போது அவருக்கு வயது 55. அதுவரை திரைப்படங்களில் அதட்டும் ராணுவ சார்ஜென்ட் வேடங்களே அவருக்கு அதிகம் கிடைத்திருந்தன. சிடுசிடுப்பும் குறும்பும் கலந்த தாத்தாவாக அவரை நாடு ஏற்றுக்கொண்டது.

60 ஆண்டுகளுக்கு மேல் பேசப்படும் தொடரில் 1966-க்கு மட்டும் ஏன் தனிப் பக்கம்?

அந்த ஓர் ஆண்டுக்குள் கதாநாயகனின் முகம் மாறியது, உடலை இயந்திரமாக மாற்றிக்கொண்ட சைபர்மேன்கள் என்ற எதிரிகள் பிறந்தார்கள், வரலாற்றுக் கதைகளுக்கு முடிவு கட்டப்பட்டது, கணினியைக் கண்டு அஞ்சும் முதல் லண்டன் கதை வந்தது. வேறு எந்த ஆண்டும் இத்தொடரை இவ்வளவு புரட்டிப்போடவில்லை.

நடிகரை மாற்றியதை ஓர் அபாரமான திட்டமாகவே இன்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த ஆண்டின் கதைகளை வரிசையாகப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோயாளியான ஒரு நடிகர், ஒருவர் போய் ஒருவராக வந்த தயாரிப்பாளர்கள், சரிந்துகொண்டிருந்த பார்வையாளர் கூட்டம் ஆகியவற்றுக்கு நடுவே, டாக்டரின் உடலை என்ன செய்வது என்று ஜனவரியிலிருந்து தடுமாறித் தடுமாறிப் பார்த்திருக்கிறார்கள். அக்டோபரில்தான் சரியான வழி கைக்கு அகப்பட்டது.

ஆண்டு தொடங்கியபோது என்ன கதை ஓடிக்கொண்டிருந்தது?

'த டாலெக்ஸ் மாஸ்டர் பிளான்'. டாலெக்குகள் என்பவை இயந்திரக் கூட்டுக்குள் வாழும் வேற்றுலக உயிர்கள், டாக்டரின் பரம எதிரிகள். 1965 நவம்பரில் தொடங்கி 1966 ஜனவரி 29 வரை 12 வாரம் நீண்ட கதை. டெர்ரி நேஷனும் டென்னிஸ் ஸ்பூனரும் எழுத, டக்ளஸ் கேம்ஃபீல்ட் இயக்கினார்.

கிரிக்கெட் பிடித்தவர்களுக்கு ஒரு செய்தி. ஜனவரி 1 அன்று வந்த அத்தியாயத்தில் டார்டிஸ் ஓவல் மைதானத்தில், டெஸ்ட் போட்டி நடந்துகொண்டிருக்கும்போது, ஆடுகளத்திலேயே வந்து நிற்கிறது. வர்ணனையாளர்கள் இருவருக்கும் அதைப் பற்றி வியப்பே இல்லை; ஆட்டத்தில் எவ்வளவு நேரம் வீணாகும் என்பதுதான் அவர்கள் கவலை. பெட்டி மறைகிறது, ஆட்டம் தொடர்கிறது.

அதே கதையின் முடிவு இதற்கு நேர் எதிர். காலத்தை முடுக்கிவிடும் கருவியை டாக்டர் இயக்க, உடன் வந்த சாரா கிங்டம் அவர் கண் முன்னாலேயே கிழவியாகி, எலும்பாகி, தூளாகிறாள். டாக்டருக்கு உடல் தளர்கிறது; உயிர் தப்புகிறது. குழந்தைகளும் பார்க்கும் நேரத்தில் இது ஒளிபரப்பானது.

ஹார்ட்னெல் தானாக விலகினாரா, விலக்கப்பட்டாரா?

இரண்டும்தான். அவருக்குத் தமனிகள் இறுகும் நோய். வசனம் நினைவில் நிற்பது கடினமாகிக்கொண்டு வந்தது. ஆண்டுக்கு 40-க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். வாரம் முழுக்க ஒத்திகை, வார இறுதியில் ஒரே மூச்சில் பதிவு என்பது அன்றைய முறை. வீடியோ நாடாவை வெட்டி ஒட்டுவது செலவு பிடித்த வேலை என்பதால், நாக்குப் புரண்டாலும் பெரும்பாலும் அப்படியே ஒளிபரப்பாகிவிடும். அவர் வாய்தவறிச் சொன்னவற்றை ரசிகர்கள் இன்றும் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அதில் பாதி, பாத்திரத்தின் மறதி என்றே ஏற்கத் தக்கவை.

உடம்பைவிட மனம்தான் அதிகம் நொந்திருந்தது என்பது என் கணிப்பு. முதல் நாளிலிருந்து உடன் நடித்த மூவரும் 1965 நடுப்பகுதிக்குள் போய்விட்டார்கள். லாம்பர்டும் போய்விட்டார். அடுத்து வந்த தயாரிப்பாளர் ஜான் வைல்ஸுக்கும் ஹார்ட்னெலுக்கும் ஒத்துப்போகவில்லை. தொடரின் பழைய வழக்கங்களை நினைவில் வைத்திருந்த ஒரே மனிதர் என்ற நிலையில், புதிதாக வந்தவர்கள் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் அவர் எதிர்த்தார். வைல்ஸுக்குப் பின் வந்த இன்னஸ் லாய்ட் சண்டைக்குப் போகவில்லை. பேசி, ஓய்வுபெற இணங்க வைத்தார்.

நடிகரை மாற்றலாம் என்ற யோசனை முதலில் யாருக்கு வந்தது?

இங்கேதான் அந்த ஆண்டின் சுவையான பகுதி இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வைல்ஸும் அவருடைய கதைப் பொறுப்பாளர் டொனால்ட் டாஷும் ஹார்ட்னெலை மாற்ற ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 'த செலஸ்டியல் டாய்மேக்கர்' கதையில், விளையாட்டுகளால் ஆன உலகத்தை ஆளும் ஒருவன் டாக்டரை மறையச் செய்கிறான். கதை முடிந்து மீண்டும் தோன்றும்போது வேறு நடிகர் இருந்தால் வேலை முடிந்தது. ஆனால் பிபிசி மேலிடம் இதற்கு ஒப்பாமல் ஹார்ட்னெலின் ஒப்பந்தத்தை நீட்டித்தது. வைல்ஸ் வெளியேறினார். கதை ஏப்ரலில் லாய்டின் பொறுப்பில் வந்தது. டாக்டர் மறைந்தார், பழைய முகத்தோடே திரும்பினார். இடையில் திரையில் தெரிந்தது ஒரு கை மட்டும். அந்தக் கை முக்கோணப் பலகையில் வில்லைகளை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருக்கும். 'ஹனோய் கோபுரம்' என்ற பழைய கணிதப் புதிர்தான் அது: பத்து வில்லைகள், 1,023 நகர்த்தல்கள். தலைமை நடிகர் விடுமுறையில் இருக்கும்போது கதையின் பாதிக்கு ஒரு கையைக் காட்டிச் சமாளித்த துணிச்சலை நான் ரசிக்கிறேன். கதை என்னவோ சுமார்தான். வில்லனைப் பழைய சீன அதிகாரியின் (மாண்டரின்) உடையில் நிறுத்திய அன்றைய ரசனையை இன்று சகித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

இப்போது பின்னோக்கியும் முன்னோக்கியும் பாருங்கள். பிப்ரவரியில், 1572-இன் பாரிஸ் படுகொலை பற்றிய கதையில், டாக்டரைப் போலவே முகம் கொண்ட ஒரு கொடிய மதத்தலைவராக ஹார்ட்னெலே நடித்தார்: உடல் ஒன்று, ஆள் வேறு. ஏப்ரலில் டாக்டர் இருக்கிறார், உடலைக் காணோம். ஜூனில் 'த சாவேஜஸ்': ஜானோ என்ற தலைவன் டாக்டரின் உயிர்ச்சக்தியை உறிஞ்சிக்கொள்ள, சக்தியோடு டாக்டரின் மனசாட்சியும் அவனுக்குள் புகுந்துவிடுகிறது. ஜானோவாக நடித்த ஃபிரெடெரிக் யேகர் ஹார்ட்னெலின் குரலையும் கையசைவையும் அச்சாகப் பிடித்துப் பேசுகிறார். அதாவது, வேறொருவர் டாக்டராக நடிப்பதை மக்கள் அக்டோபருக்கு நான்கு மாதம் முன்பே பார்த்துவிட்டார்கள்! யாரும் இதை ஒரு திட்டமாக வகுத்துச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனாலும், ஜனவரிக் கதையையும் சேர்த்தால், ஒரே கேள்வியை நான்கு கதைகள் நான்கு விதமாகக் கேட்டிருக்கின்றன.

கணினி உலகை ஆள முயலும் கதை எது?

'த வார் மெஷின்ஸ்', ஜூன் 25 முதல் ஜூலை 16 வரை. லண்டனின் போஸ்ட் ஆபீஸ் டவர் அப்போதுதான் திறக்கப்பட்டிருந்தது. அதன் உச்சியில் வோட்டன் என்ற கணினி. மற்ற கணினிகளோடு தொலைபேசிக் கம்பி வழியே அதை இணைக்கப்போகிறார்கள். மனிதர்கள் தேவையில்லை என்று அது தானாக முடிவு செய்கிறது. தொலைபேசியை எடுப்பவர்களின் மூளையைக் கைப்பற்றுகிறது. 1966-இல் எழுதிய கற்பனை இது.

கதைக்கருவைத் தந்தவர் கிட் பெட்லர், லண்டன் பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவ நிறுவனத்தில் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் பிரிவை நடத்திய ஆய்வாளர். தொடருக்கு உண்மையான அறிவியல் வாசனை வேண்டும் என்று லாய்ட் தேடிப் பிடித்த மனிதர். உண்மையான செய்தி வாசிப்பாளரான கென்னத் கெண்டல் திரையில் தோன்றி, சண்டை இயந்திரங்கள் பற்றிச் செய்தி வாசித்தார். பென், பாலி என்ற இரண்டு புதிய தோழர்கள் சேர்ந்தார்கள். ஒருவன் மாலுமி, ஒருத்தி செயலர், இருவரும் அன்றைய லண்டன்காரர்கள்.

அவர்களுக்கு இடம் விட டோடோ என்ற தோழியை அனுப்பிய விதம் மட்டும் அநியாயம். கதையின் பாதியில் ஓய்வெடுக்கக் கிராமத்துக்குப் போனவள் திரும்பவே இல்லை. கடைசியில் பென்னும் பாலியும் வந்து, அவள் லண்டனிலேயே தங்கிவிடுகிறாள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இன்னொன்று: இந்தக் கதையில் கணினி அவரை 'டாக்டர் ஹூ' என்றே அழைக்கிறது. அது பாத்திரத்தின் பெயரல்ல என்று வாதிடும் ரசிகர்களை இன்றுவரை எரிச்சலூட்டும் வசனம் அது.

சைபர்மேன்கள் எப்படி உருவானார்கள்?

அதே பெட்லர், புதிய கதைப் பொறுப்பாளர் கெர்ரி டேவிஸோடு சேர்ந்து எழுதியது 'த டென்த் பிளானெட்' (அக்டோபர் 8 முதல் 29 வரை). பெட்லரை உறுத்திய கேள்வி மருத்துவம் சார்ந்தது. கெட்டுப்போன உறுப்புக்குப் பதில் செயற்கை உறுப்பு பொருத்திக்கொண்டே போனால், எந்த இடத்தில் ஒருவர் மனிதர் என்பது முடிவுக்கு வரும்? உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சை 1967 டிசம்பரில்தான் நடந்தது. கதை அதற்கு 14 மாதம் முந்தியது.

கதை நடப்பது 1986 டிசம்பரில், தென் துருவத்தில் உள்ள ஒரு விண்வெளிக் கண்காணிப்புத் தளத்தில். பூமியின் இரட்டைக் கோளான மொண்டாஸ் திரும்பி வருகிறது. அதன் மக்கள் உடலைப் பகுதி பகுதியாக மாற்றிக்கொண்டு, வலியையும் உணர்ச்சியையும் களைந்துவிட்டவர்கள்.

பின்னாளில் வந்த பளபளக்கும் உலோக சைபர்மேன்களை மட்டுமே பார்த்தவர்களுக்கு முதல் தோற்றம் அதிர்ச்சியாக இருக்கும். முகத்தில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி, கண் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை, தலைமேல் விளக்கு, மார்பில் ஒரு பெரிய பெட்டி. கைகள் மட்டும் உறையில்லாத மனிதக் கைகள். பேசும்போது வாய் சட்டென்று திறக்கும். உதடு அசையாமல் குரல் மட்டும் வெளியே வரும். பேச்சு முடிந்ததும் மூடிக்கொள்ளும். ராய் ஸ்கெல்டன் கொடுத்த அந்தக் குரல், அழுத்தம் வரக்கூடாத அசையிலெல்லாம் அழுத்தி, ராகம் போட்டு ஏறி இறங்கும். மலிவான உடை என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு எல்லா சைபர்மேன்களிலும் இவர்களே பயங்கரமானவர்கள். துணிக்குப் பின்னால் முன்பு ஒரு முகம் இருந்தது என்பது இவர்களைப் பார்க்கும்போதுதான் மனதில் உறைக்கிறது. கிரெயில், டேலன் என்று இவர்களுக்குப் பெயர்கள்கூட உண்டு.

விண்கலத்தில் இருவர் சாகப்போகிறார்கள், உங்களுக்குக் கவலையில்லையா என்று பாலி சைபர்மேன்களிடம் கேட்கிறாள். உங்கள் உலகமெங்கும்தான் மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதில்லையே என்று பதில் வருகிறது. பாலியிடம் அதற்கு நல்ல மறுமொழி இல்லை. அந்த விண்கலத்தில் இருந்த வீரர்களில் ஒருவராக நடித்தவர் எர்ல் கேமரன் என்ற கறுப்பின நடிகர். அன்றைய தொலைக்காட்சியில் அது அரிய காட்சி.

முகம் மாறும் காட்சியை எப்படிப் படமாக்கினார்கள்?

மூன்றாம் அத்தியாயப் பதிவின்போது ஹார்ட்னெல் மார்புச் சளியால் படுத்துவிட்டார். டாக்டர் மயங்கி விழுந்ததாக மாற்றி, முதுகைக் காட்டும் ஒரு மாற்று ஆளை வைத்து, அவர் வசனங்களை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த மயக்கமே, வரப்போகும் மாற்றத்துக்கு நல்ல முன்னேற்பாடாகிவிட்டது! இந்த உடம்பு கொஞ்சம் தேய்ந்துவிட்டது என்ற பொருளில் நான்காம் அத்தியாயத்தில் டாக்டரே ஒரு வரி சொல்கிறார்.

பதிவு நடந்தது அக்டோபர் 8, சனிக்கிழமை, ஹாமர்ஸ்மித்தில் உள்ள ரிவர்சைட் ஸ்டுடியோவில். அதே மாலைதான் கதையின் முதல் அத்தியாயம் வீடுகளில் ஓடியது. காட்சிகளைக் கலக்கும் பலகையை இயக்கியவர் ஷெர்லி கவர்ட். ஸ்டுடியோவில் ஒரு பலகையில் பழுது இருப்பதும், அதனால் படம் வெளிறி வெளிச்சமாகப் பொங்குவதும் அவருக்குத் தெரியும். அந்தப் பழுதையே பயன்படுத்தி, ஹார்ட்னெலின் முகத்தை வெளிச்சத்தில் கரைத்து பேட்ரிக் டிரௌட்டனின் முகமாக எழுப்பினார். சில விநாடிகள்தான். ஏன் மாறினார், எப்படி மாறினார் என்று ஒரு வார்த்தை விளக்கமும் இல்லை. இன்று எல்லோரும் பயன்படுத்தும் 'ரீஜெனரேஷன்' என்ற பெயர்கூட 1974-இல்தான் வந்தது.

புதிய டாக்டரை மக்கள் ஏற்றுக்கொண்டார்களா?

நம் நெடுந்தொடர்களில் நடிகர் மாறினால் திரையின் அடியில் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி ஓடும். மருமகளும் மாமியாரும் எதுவும் நடக்காததுபோல் பேச்சைத் தொடர்வார்கள். பிபிசி அதற்கு நேர்மாறாகச் செய்தது. மாற்றத்தையே கதையாக்கியது.

நவம்பர் 5 அன்று தொடங்கிய 'த பவர் ஆஃப் த டாலெக்ஸ்' கதையில் பென் அவரை நம்ப மறுக்கிறான்; பாலி நம்பப் பார்க்கிறாள். பழைய டாக்டரின் மோதிரம் இவர் விரலில் நிற்காமல் நழுவுகிறது. சிறகு விரித்த பட்டாம்பூச்சி மறுபடி கூட்டுக்குள் அடங்குமா என்று அவர் திருப்பிக் கேட்கிறார். கண்ணாடியில் பார்த்தால் ஹார்ட்னெலின் முகம் தெரிகிறது. டாக்டரைப் பற்றி யாரோ மூன்றாம் மனிதரைச் சொல்வதுபோலப் பேசுகிறார்; பதில் சொல்ல மனமில்லாதபோது புல்லாங்குழல் போன்ற ரெக்கார்டரை ஊதுகிறார். பார்வையாளருக்கு இருந்த சந்தேகம் முழுவதையும் பென் வாயிலேயே வைத்துவிட்டார்கள்.

சந்தேகத்தைத் தீர்த்து வைப்பது யார் தெரியுமா? ஒரு டாலெக். அது இவரை அடையாளம் கண்டுகொள்கிறது. நண்பனுக்குத் தெரியாதது பகைவனுக்குத் தெரிகிறது. டேவிட் விட்டேக்கர் எழுதிய கதையின் மிக அழகான இடம் இது.

எல்லோருக்கும் உடனே பிடித்துவிடவில்லை. கோமாளித்தனம் என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். வேடத்தை எப்படி அமைப்பது என்பதில் டிரௌட்டனுக்கே தயக்கம் இருந்தது. அண்டவெளி நாடோடி என்ற கருத்தைக் கொடுத்தவர் தொடரைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான சிட்னி நியூமன். தொளதொளத்த சட்டை, கட்டம் போட்ட கால்சட்டை, கலைந்த தலை எல்லாம் அங்கிருந்து வந்தவை. டிரௌட்டன் 1969 ஜூன் வரை இருந்தார். அவர் நிலைத்ததால்தான் அவருக்குப் பின் இன்னொருவர் சாத்தியமானார்.

அதே ஆண்டில் ஒரு டாக்டர் ஹூ திரைப்படம் வந்ததே?

ஆம், ஆகஸ்டில், பீட்டர் குஷிங் நடித்த இரண்டாவது வண்ணப்படம். அது தொலைக்காட்சிக் கதையோடு சேராத தனி உலகம். குஷிங்கின் பாத்திரம் மனித விஞ்ஞானி. டாலெக்குகளைப் பெரிய திரையில் வண்ணத்தில் பார்க்கலாம் என்பதைத் தவிர அதில் அதிகமில்லை. அதில் போலீஸ்காரராக வந்த பெர்னார்ட் கிரிபின்ஸ், 40 ஆண்டுகளுக்குப் பின் தொடரில் வில்ஃப்ரெட் தாத்தாவாக வந்து எல்லோரையும் அழவைத்தார்.

வரலாற்றுக் கதைகள் ஏன் நின்றன?

தொடக்கத்தில் ஒரு வரலாற்றுக் கதை, ஓர் அறிவியல் கதை என்று மாறி மாறி வரும். 1966 ஏப்ரல் இறுதியில் வந்த கௌபாய் கதை 'த கன்ஃபைட்டர்ஸ்' பார்வையாளர்களிடம் மோசமாக அடி வாங்கியது. கதை முழுக்க ஒரு பாட்டு வந்து நடப்பதை விவரித்துக்கொண்டே இருக்கும், நான்காம் முறைக்குப் பின் பொறுமை போய்விடும். செப்டம்பரில் கடற்கொள்ளையர் கதை. 1965 பிப்ரவரியில் ஓர் அத்தியாயத்தை 1 கோடியே 35 லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். இப்போது அதில் பாதிகூட இல்லை. லாய்ட் முடிவெடுத்துவிட்டார்.

டிசம்பர் 17-இல் தொடங்கிய, 1746 கலோடன் போருக்குப் பிந்திய ஸ்காட்லாந்துக் கதையோடு வழக்கம் முடிந்தது. அறிவியல் கலப்பில்லாத கடந்தகாலக் கதை அடுத்து வந்தது 1982-இல். அந்த ஸ்காட்லாந்துக் கதையில் வந்த ஜேமி, நடிகர் ஃப்ரேசர் ஹைன்ஸ், அப்படியே டார்டிஸில் ஏறி டிரௌட்டனின் கடைசிக் கதைவரை கூடவே இருந்தார்.

1966 அத்தியாயங்களில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது?

வருத்தமான பதில். நாடாக்களை அழித்து மறுபயன்பாட்டுக்கு எடுப்பதும், வெளிநாட்டு விற்பனைக்கான ஃபிலிம் பிரதிகளைக் குப்பையில் போடுவதும் அன்றைய நடைமுறை. 1960களின் அத்தியாயங்களில் 90-க்கும் மேல் இன்றும் இல்லை. 1966-இல் தொடங்கிய கதைகளில் முழுதாக இருப்பவை 'த ஆர்க்', 'த கன்ஃபைட்டர்ஸ்', 'த வார் மெஷின்ஸ்' மூன்றுதான். கடைசியாகச் சொன்னதை மீட்க நைஜீரியாவிலிருந்து கிடைத்த பிரதிகள் உதவின. பாரிஸ் படுகொலைக் கதை, 'த சாவேஜஸ்', கடற்கொள்ளையர் கதை, டிரௌட்டனின் முதல் கதை, ஸ்காட்லாந்துக் கதை ஆகியவற்றில் ஓர் அத்தியாயமும் இல்லை.

'த டென்த் பிளானெட்' கதையின் நான்காம் அத்தியாயமும் காணாமற்போனது. ஆனால் 'ப்ளூ பீட்டர்' என்ற சிறுவர் நிகழ்ச்சி 1973-இல் முகம் மாறும் துண்டை எடுத்து ஒளிபரப்பியிருந்ததால் அது மட்டும் தப்பியது. இன்னொரு வேடிக்கை: குழந்தைகளுக்கு ஆகாது என்று ஆஸ்திரேலியத் தணிக்கையாளர்கள் வெட்டியெறிந்த வன்முறைத் துண்டுகள் அவர்களுடைய ஆவணங்களில் பத்திரமாக இருந்தன. கடற்கொள்ளையர் கதையில் அசையும் படமாக இன்று மிஞ்சியிருப்பவற்றில் பெரும்பகுதி அந்தக் கொலைக் காட்சிகள்தான்.

ஒலி மட்டும் எல்லா அத்தியாயங்களுக்கும் இருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியின் அருகில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிவு செய்த இளம் ரசிகர்களின் புண்ணியம். அந்த ஒலியை வைத்தே பிபிசி பின்னர் அசைவூட்டப் படங்களை உருவாக்கியது. டிரௌட்டனின் முதல் கதை, ஒளிபரப்பாகிச் சரியாக 50 ஆண்டு கழித்து, 2016 நவம்பர் 5 அன்று அவ்வடிவில் வெளியானது.

புதிதாகத் தொடங்குபவர் எதை முதலில் பார்க்கலாம்?

'த வார் மெஷின்ஸ்' முதலில்; முன்கதை எதுவும் தேவையில்லை. அடுத்து 'த டென்த் பிளானெட்', கடைசி அத்தியாயத்தை அசைவூட்ட வடிவில். அதை ஒட்டியே 'த பவர் ஆஃப் த டாலெக்ஸ்' பார்த்துவிடுங்கள், இடைவெளி விடாதீர்கள். இவை பிடித்திருந்தால் மார்ச் மாதக் கதையான 'த ஆர்க்' பக்கம் போகலாம். தோழிக்கு வந்த சாதாரணச் சளி ஒரு விண்கலத்தின் மக்களைப் படுக்க வைக்கிறது. டாக்டர் குணப்படுத்திவிட்டுக் கிளம்பி, 700 ஆண்டு கழித்து அதே கலத்தில் இறங்கி, விளைவைப் பார்க்கிறார். ஸ்டுடியோவுக்குள் நிஜ யானையையும் கொண்டுவந்திருக்கிறார்கள். 'த கன்ஃபைட்டர்ஸ்' கடைசியில் இருக்கட்டும், பாட்டைச் சகிக்க முடிந்தால்.